விண்டல் மேட்டில் குறியிடும் நாள்

ஸ்பால்டிங்,
3 மார்ச் 1958

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கப்பல் கண்ணை விட்டு மறையும்வரை துறைமுகத்தில் நின்றீர்களே, வீட்டுக்குப் போய் ஒத்தடம் ஏதும் கொடுத்துக்கொண்டீர்களா என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ரால்ஃபும் என் மியூரியலும் இந்நேரம் சூயஸைத் தாண்டியிருப்பார்கள். கல்யாணமாகிப் போன பெண்தான், இருந்தாலும் ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம் என்றிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எந்த ரயிலில் ஏறுவது? செருப்புக் கடையை நண்பரிடம் விட்டு ஓய்வெடுத்த பிறகு, காலையில் எழுந்து என்ன செய்வது என்றே சில நாள் விளங்குவதில்லை. எங்கள் ஊர் தட்டையான ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் டுலிப் வயலும் வாய்க்காலும், அதற்கப்பால் இன்னொரு வயலும் வாய்க்காலும்.

துறைமுகத்தில் விடைபெறும்போது, "ஒரு நாளைக்கு வந்து எங்க மேட்டப் பாருங்க" என்றீர்கள். மரியாதைக்காகச் சொன்னதாக இருந்தால் இந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள். நான் கொஞ்சம் கோல்ஃப் ஆடுவேன். உங்கள் விண்டல் மேட்டில் எழுபது வருடமாக ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பதாக இங்கே கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தொந்தரவு இல்லாத ஒரு நாளைச் சொன்னால் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புள்ள,
கத்பர்ட் பெல்


விண்டல், க்ளாஸ்டர்ஷயர்,
11 மார்ச் 1958

சம்பந்தி அவர்களுக்கு,

என் முழங்கால் எனக்கு முன்னால் எழுந்து எனக்கு முன்னால் படுக்கிறது. மற்றபடி நலம். உங்களுக்கு இருமல் விட்டதா?

நான் மரியாதைக்காக எதையும் சொல்வதில்லை. ரால்ஃப் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டுமே.

வருவதானால் மே பதிமூன்றுக்கு வாருங்கள். அன்றுதான் எங்களுக்குக் குறியிடும் நாள். ஊர் மாடுகளுக்கெல்லாம் மேட்டு வாசலில் இடுப்பில் தாரால் குறி வைத்து மேட்டில் விடுவோம். இலையுதிரும்வரை பகலெல்லாம் அவை அங்கேதான். உங்கள் கோல்ஃப்காரர்களும் அங்கேதான். மேடு எங்கள் எல்லோருக்கும் பொது, அவர்களுக்கு வாடகைக்கு. கிளப் வாசலில், "மாடுகளுக்கு வழிவிட்டு ஆடவும்" என்று பலகை போட்டிருக்கிறார்கள். போன வருடம் பலகையைப் படிக்காத ஒருவர் என் டச்சஸின் தொடையில் பந்தை அடித்துவிட்டார். இரண்டு நாள் அது பால் விடவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு மூன்று மாடுகள்: டச்சஸ், பாப்பெட், பிறகு செவ்வாய்க்கிழமை பிறந்ததால் செவ்வாய். அவற்றின் பக்கம் மட்டையை ஓங்காதீர்கள்.

தங்குவதற்கு மிஸஸ் கெக் வீட்டில் அறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் மூன்று அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் உங்களை அங்கே தங்கவைத்தால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

கம்பளிச் சட்டை கொண்டுவரவும். மே மாதம் என்று நம்பி ஏமாறவேண்டாம்.

ஹெஸ்டர் பிளிஸ்


ஸ்பால்டிங்,
20 மே 1958

அன்புள்ள சம்பந்தி அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இருமல் இல்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த லார்டி கேக்கை பீட்டர்பரோ வருவதற்குள் தின்று முடித்துவிட்டேன். நீங்கள் சுகமா? மேட்டுக் காற்றில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது முழங்காலுக்கு ஒன்றும் செய்யவில்லையே?

நாற்பது வருடமாக மழித்த புல்லில்தான் பந்தடித்திருக்கிறேன். உங்கள் மேட்டில் மணல் குழி ஒன்றுகூட இல்லை என்றதும் சுலபம் என்று நினைத்தேன். கல் வெட்டிய பழைய பள்ளம், யாரோ ஆதி மனிதர் போட்ட மண் கரை, பட்டம் விடுகிற பிள்ளைகள், குதிரை, குளம்புத் தடம். முதல் மூன்று குழிகளில் இரண்டு பந்தைத் தொலைத்தேன். ஆனால் தலை நிமிர்ந்தபோதெல்லாம் கீழே செவர்ன் ஆறு வெயிலில் கிடந்தது, அதற்கப்பால் வேல்ஸ் மலைகள். கணக்கு மறந்துபோயிற்று.

நான்காவது குழியைப் பற்றிக் கிளப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பந்து அழகாகப் போய் விழுந்தது. நடந்து போய்ப் பார்த்தால் குழியின் மேலேயே செவ்வாய் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. மேட்டு மணியக்காரர் ஜோப் கெக் அந்தப் பக்கம் வந்தார். "என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம் ஐயா. அது எந்திரிக்கிறப்ப எந்திரிக்கும். நீங்களும் ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பிறகு நீங்கள் பிளாஸ்க்குடன் வந்தீர்கள். மாடு உங்களுடையது என்றாலும் எழுப்பச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பேரும் டீ குடித்தோம். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் சொன்னீர்கள், என் எலினரைப் பற்றி நான் சொன்னேன். அவள் போய்ப் பதினைந்து வருடத்தில் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. வெயில் சாயும்வரை மாடு எழுந்திருக்கவில்லை. நான்காவது குழியை முடிக்காமலே இறங்கினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மென்தோல் செருப்பு ஒரு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன். முழங்காலுக்கு நல்லது.

அன்புடன்,
கத்பர்ட் பெல்


விண்டல்,
16 ஜூன் 1958

அன்புள்ள சம்பந்தி,

செருப்பு வந்தது. அளவு கேட்காமலே எப்படிச் சரியாக அனுப்பினீர்கள்? என் காலை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லையே. முழங்கால் தேவலை. நீங்கள் நலம்தானே?

மியூரியல் உங்களுக்கும் எழுதியிருப்பாள். டிசம்பரில் குழந்தை. சந்தோஷத்தில் அன்று பாலைப் பொங்கவிட்டேன்.

ரால்ஃப் எனக்குத் தனியாக ஒன்று எழுதியிருக்கிறான். நான் அடிலெய்டுக்கே வந்து அவர்களோடு இருந்துவிட வேண்டுமாம். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவதற்கல்ல, ஒரேயடியாக. பிரசவத்துக்குள் கப்பலில் இடம் கிடைக்காது, அடுத்த மே மாதக் கடைசியில் கிடைக்கும் என்கிறான். வீட்டையும் மாட்டையும் விற்றுவிடச் சொல்கிறான். "தனியா அந்த மேட்டுல என்னம்மா வச்சிருக்கு உனக்கு?" என்று கேட்கிறான்.

யாரிடமும் யோசனை கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஹெஸ்டர்


ஸ்பால்டிங்,
28 ஆகஸ்ட் 1958

அன்புள்ள சம்பந்தி அம்மா,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. கேள்வி சிறியது, பதில்தான் வரவில்லை. பலமுறை உட்கார்ந்து எழுந்தேன்.

நீங்கள் போவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. அங்கே வெயில் உண்டு, முழங்காலுக்கு நல்லது. ரால்ஃப் உங்களுக்கு ஒரே பிள்ளை. மியூரியலும் எனக்கு எழுதியிருக்கிறாள். "அத்தை பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லப்பா" என்று. அவள் தாயில்லாமல் வளர்ந்த பெண். குழந்தையை எந்தப் பக்கம் தூக்குவது என்றுகூட அவளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. என்னால் முடிந்ததெல்லாம் அவளுக்கு நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டு வளர்த்ததுதான். உங்களைப் போன்ற ஒருவர் அவள் அருகில் இருப்பது அவள் பாக்கியம்.

கப்பலுக்கு என்ன செருப்பு என்பதை யோசித்தேன். தோல் அடி வேண்டாம், ஈரமான மரத்தளத்தில் வழுக்கும். ரப்பர் அடியில் குறுக்குக் கோடு போட்டது நல்லது. வெயில் பிரதேசம் நெருங்கும்போது கால் வீங்கும். ஆகவே வாரை இரண்டு துளை தளர்த்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். வாங்கி அனுப்புகிறேன்.

மேட்டில் மாடுகள் எப்படி இருக்கின்றன?

தங்கள் அன்புள்ள,
கத்பர்ட் பெல்


விண்டல்,
1 செப்டம்பர் 1958

திரு. பெல் அவர்களுக்கு,

சுகம். உங்கள் தெளிவான யோசனைக்கு நன்றி. கப்பலுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அடுத்த மே இருபத்தேழு.

செருப்பு அனுப்ப வேண்டாம். இங்கேயும் கடை இருக்கிறது.

மாடுகள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பருவம் அவற்றுக்கு மேட்டில் கடைசி. குறியிடும்போது ஜோப் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் மூன்று கேள்வி கேட்டதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். யாருடைய மாடு, எந்த அடுப்பு, மாடு மேட்டிலிருந்து இறங்கும்வரை அந்த அடுப்புப் புகைக்குக் கீழே தூங்குவாயா. மூன்றுக்கும் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். ஊரில் இல்லாதவன் மாடு எங்கள் புல்லைத் தின்னக் கூடாது என்பதற்கு வந்த வழக்கம். அதில் பொய் சொன்னவர் கிடையாது. மே கடைசியில் கப்பல் ஏறுகிறவள் என்ன சொல்ல முடியும்? ஒரு வருடம் குறி வைக்காத வீட்டுக்கு மேய்ச்சல் உரிமை போய்விடும். என் அம்மா காலத்திலும் அவள் அம்மா காலத்திலும் போகாத உரிமை.

நேற்று ஜோப் கேட்டார், "உங்க சம்பந்தி என்ன சொல்றாரு?"

"போகச் சொல்றாரு."

"அவரு செருப்புக் கடைக்காரர்தானம்மா. கால் எங்க போகுதுன்னுதான் பாப்பாரு. ஆள் எங்க போகுதுன்னு பாக்கமாட்டாரு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கறக்கப் போனேன்.

ஹெஸ்டர் பிளிஸ்


ஸ்பால்டிங்,
23 நவம்பர் 1958

அன்புள்ள சம்பந்தி அம்மா,

நலமா? குளிர் தொடங்கிவிட்டது. முழங்காலில் கம்பளி சுற்றிக்கொள்ளவும். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். விரல்களில் கொஞ்சம் வலி.

என் முந்தைய கடிதத்தில் ஏதாவது உங்கள் மனம் நோகும்படி எழுதியிருந்தால், அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வருந்துகிறேன்.

என் நண்பர் ஒருவர் வயதான காலத்தில் மாடு வளர்க்க ஆசைப்படுகிறார். உங்களிடம் கேட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கறக்கும்போது மாட்டின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? வாளியை எட்டி உதைத்தால் மறுபடி முயலலாமா, மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதேனும் செய்ய வேண்டுமா? மாடு வாலால் முகத்தில் அடித்தால் அது கோபமா, ஈயா? மேட்டில் விட்ட மாடு மாலையில் தானாக வீட்டுக்கு வருமா, போய் அழைக்க வேண்டுமா? அழைப்பதானால் எப்படி?

நண்பர் அவசரத்தில் இருக்கிறார். முடிந்தபோது எழுதவும்.

அன்புடன்,
கத்பர்ட்


விண்டல்,
4 ஜனவரி 1959

அன்புள்ள சம்பந்தி,

பாட்டனார் ஆனதற்கு வாழ்த்து. தந்தி உங்களுக்கும் வந்திருக்கும். பெண் குழந்தை, ரோசலிண்ட். மியூரியல் நலமாம். நானும் சுகம். ஜோப்பைக் கூப்பிட்டு ஒரு கோப்பை சைடர் ஊற்றிக்கொடுத்தேன். "உங்க சம்பந்திக்கும் ஒண்ணு ஊத்துங்க" என்று சொல்லி அதையும் அவரே குடித்தார்.

உங்கள் நண்பருக்குப் பதில். வலது பக்கம் உட்கார வேண்டும். இது தெரியாத ஆள் மாடே வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உதைத்தால் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை, மாடு மறந்துவிடும். வால் அடித்தால் ஈ. கோபமாக இருந்தால் வாலோடு நிற்காது. மாலையில் டச்சஸ் தானாக வரும், மற்ற இரண்டும் அதன் பின்னால் வரும்.

முதல் இரண்டு மாதம் கறக்கிற எல்லோருக்கும் விரல் வலிக்கும். வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள். கையுறை போட்டுத் தூங்கச் சொல்லுங்கள். ஈரத்தில் போய் நிற்க வேண்டாம் என்றும், அவருக்கு இருமல் வரும் உடம்பு என்றும் சொல்லுங்கள்.

எந்த ஊர் மாட்டுக்காரர் உங்கள் நண்பருக்குச் சொல்லித்தருகிறார்? பொறுமைசாலியாகத்தான் இருப்பார்.

அன்புடன்,
ஹெஸ்டர்


ஸ்பால்டிங்,
15 மார்ச் 1959

அன்புள்ள ஹெஸ்டர்,

நலம். விரல் வலி போய்விட்டது. வாத்துக் கொழுப்புக்கு நன்றி. நண்பர் என்று யாருமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என நினைக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் வாரம் மூன்று நாள் போய்க் கற்றுக்கொள்கிறேன். நேற்று ஒரு வாளி முழுதாகக் கறந்தேன். பண்ணைக்காரர், "பரவால்ல பெல், மாடு தூங்கல" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

நீங்கள் கப்பல் பயணத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு லண்டன் போயிருந்தபோது நான் விண்டலுக்கு வந்து போனேன். சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்கவும். மிஸஸ் கெக் தன் வீட்டின் பின்கட்டை எனக்குத் தரச் சம்மதித்திருக்கிறார். ஒரு அறை, ஒரு கட்டில், தனியாக ஒரு அடுப்பு. தனி அடுப்பு இருந்தால் குறி வைக்கலாம் என்று ஜோப் சொன்னார்.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மூன்று மாடுகளையும் எனக்கு விற்றுவிடுங்கள். நான் விண்டலுக்கு வந்து அவற்றை வருடாவருடம் குறி வைத்து மேட்டில் விடுகிறேன். உங்கள் வீட்டையும் விற்க வேண்டாம், அடுப்பை நான் மூட்டிவைக்கிறேன். அடிலெய்டு பிடிக்காமல் எப்போதாவது நீங்கள் திரும்பி வந்தால் எல்லாம் விட்டது விட்டபடி இருக்கும். பிடித்துவிட்டால் மகிழ்ச்சி. நீங்கள் போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஜோப் வேறொன்றும் சொன்னார். "அன்னைக்கு செவ்வாய் குழி மேல படுத்துக்கிட்டிருந்திச்சே, அந்தம்மா நாக்கைத் தட்டி ஒரு சத்தம் குடுத்திருந்தா துள்ளி எந்திரிச்சிருக்கும் ஐயா. தட்டல." இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை. ஒருவேளை உங்களுக்கு அன்று நாக்கில் புண் ஏதேனும் இருந்திருக்கலாம்.

அன்புடன்,
கத்பர்ட்


விண்டல்,
19 மார்ச் 1959

கத்பர்ட்,

சுகம் விசாரிக்கும் நிலையில் இல்லை.

என் நாக்கில் புண் எதுவும் இருக்கவில்லை.

ஒரு வருடமாகப் பார்க்கிறேன். போன ஜூனில் உங்களிடம் ஒரு வரி கேட்டேன். இரண்டு மாதம் கழித்து ரப்பர் அடியைப் பற்றி எழுதினீர்கள். இப்போது விரல் வீங்க மாடு கறக்கக் கற்றுக்கொண்டு, வயதான காலத்தில் ஊரை விட்டு வந்து, என் அடுப்பை மூட்டி, என் மாட்டை மேய்த்து, நான் இல்லாத வீட்டைக் காவல் காக்கிறேன் என்கிறீர்கள். இவ்வளவும் செய்யத் தெரிந்த மனிதருக்கு, "போகாதே" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லையா?

மியூரியலுக்காகத்தான் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை. அதற்காகவே கோபமும். அவளுக்கு என் மேல் இருக்கும் உரிமை எனக்குத் தெரியும். உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள்தானே சொல்ல வேண்டும். நானாகவே தங்கிவிடலாம்தான். யாரும் இருக்கச் சொல்லாத இடத்தில் இருப்பதற்குப் பதில், வரச் சொன்ன இடத்துக்குப் போகலாம் என்றுதான் கப்பலுக்கு எழுதினேன்.

மாடுகள் உங்களுக்கு விற்பனைக்கு இல்லை. ஜோப்பின் மருமகனுக்குப் பேசியாயிற்று. குறியிடும் நாளன்று வாசலில் கைமாறும். மூன்றாவது கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னதும் அவன் தன் அடுப்பைச் சொல்லிக் குறி வைத்துக்கொள்வான்.

மறுபடி கேட்கிறேன். நான் போக வேண்டுமா? வானிலை வேண்டாம், முறை வேண்டாம், முழங்கால் வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஹெஸ்டர்


விண்டல்,
13 மே 1959

அன்புள்ள மியூரியல்,

ரோசலிண்டுக்கு முத்தம். அவளுக்குப் பல் முளைக்கும் நேரம், ஈறைச் சுத்தமான துணியால் தேய்த்துவிடு. நான் நலம். உன் அப்பாவும் நலம், அடுப்படியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எப்படி இங்கே வந்தார் என்றுதான் இந்தக் கடிதம். ரால்ஃபுக்குப் படித்துக் காட்டு, ஆனால் முதலில் நீ தனியாகப் படி.

மார்ச்சில் அவருக்குக் கொஞ்சம் சூடாக ஒரு கடிதம் எழுதி ஒரு வரியில் பதில் கேட்டேன். வரவில்லை. ஏப்ரல் முழுக்கத் தபால்காரரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், எதிர்பார்ப்பதாக அவர் நினைத்துவிடக் கூடாதென்று. மே வந்ததும் அதையும் விட்டேன். பெட்டி கட்டினேன்.

இன்று காலை மாடுகளை வாசலுக்கு ஓட்டிப் போனேன். ஊரே நின்றது. மாடு ஏறி முடியும்வரை ஆடக் கூடாது என்பதால் கோல்ஃப்காரர்களும் மட்டையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஜோப்பின் மருமகன் கயிற்றோடு தயாராக இருந்தான். என் முறை வந்தது.

"யாரு மாடு?" என்றார் ஜோப்.

"ஹெஸ்டர் பிளிஸ் மாடு."

"எந்த அடுப்பு?"

"மேல்வாசல் வீட்டு அடுப்பு."

"மாடு எறங்குற வரைக்கும் அந்தப் புகைக்குக் கீழ தூங்குவீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் பிறந்த நாளிலிருந்து கேட்ட கேள்வி, மியூரியல். அதற்கு எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தூங்குவாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். உன் அப்பா. காலை பஸ்ஸில் வந்து இறங்கி ஏற்றத்தில் ஓடி வந்திருக்கிறார். தொப்பி ஒரு பக்கம், டை ஒரு பக்கம்.

ஜோப் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது எப்படி ஐயா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

கோல்ஃப்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஊர். மிஸஸ் கெக் ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பாவின் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. திரும்பி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார். "தெரியாமத்தான் சொல்லிட்டேன். போகாதீங்கன்னு சொல்ல மார்ச்லேர்ந்து லெட்டர் எழுதறேன் ஹெஸ்டர். எப்படி ஆரம்பிச்சாலும் முழங்கால் விசாரிச்சுத்தான் முடியுது. அதான் நேர்ல வந்தேன். போகாதீங்க. மியூரியலுக்கு நீங்க வேணும், எனக்குத் தெரியும். ஆனா எனக்கும் வேணும். எனக்கும்தான் வேணும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாடுகள் மட்டும் கத்தின.

"ஐயா, பின்னால நாப்பது மாடு நிக்குது" என்றார் ஜோப். "அம்மா, அவரு சொன்னது கணக்குல வராது. நீங்க சொல்லுங்க. தூங்குவீங்களா, மாட்டீங்களா?"

"தூங்குவேன்" என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். மருமகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முணுமுணுத்தான், அவனைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

மியூரியல், உன் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்கிறேன். அத்தை வந்துவிடுவாள் என்று நீ நம்பியிருந்தாய். அந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும் என்று என் கை துடிக்காத நாளில்லை. நவம்பரில் மாடுகள் இறங்கிவிடும். அதன் பிறகு யார் எங்கே தூங்கினாலும் மேட்டுக்குக் கவலையில்லை. குளிர்காலம் முழுக்க மாடுகளை மருமகன் பார்த்துக்கொண்டு பாலையும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பேருமாகக் கப்பல் ஏறி உங்களிடம் வருகிறோம், அடுத்த குறியிடும் நாளுக்குள் திரும்ப வேண்டும். பாதிக் குளிர்காலத்துக்கு ஒரு பாட்டி உனக்குப் போதாது என்று தெரியும். அதற்காக என்னைத் திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. ரால்ஃபுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

இன்னொரு விஷயத்தில் உன் சம்மதம் வேண்டும். உன் கல்யாணத்தன்று உன் அப்பா உன் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்து வந்து என் பிள்ளையிடம் ஒப்படைத்தார். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து உன்னை வாங்கிக்கொண்டேன். இப்போது அவரைத் தருவதற்கு உன்னைத் தவிர யாருமில்லை. நீ சரி என்று எழுதும்வரை பாதிரியாரிடம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் அதுதான் முறை என்கிறார். நீங்கள் இருவரும் அண்ணன் தங்கை முறை ஆகிவிடுவீர்களே என்று ஜோப் கவலைப்படுகிறார். அது அவர் கவலை.

கடிதத்தை விமானத் தபாலில் போடு, கப்பலில் போடாதே. அவர் மிஸஸ் கெக் வீட்டுப் பின்கட்டில்தான் தூங்குகிறார். அந்தக் கட்டில் அவருக்கு ஒரு முழம் குட்டை.

உன் அத்தை,
ஹெஸ்டர்